நகரும் எடை

வானகம் டவரின் உச்சி மாடிக்கு வருகிறவர்களுக்கு ஆச்சரியமான தகவல்களைச் சொல்வது என் உத்தியோகம். பெயர் செங்கமலம். சட்டையில் ‘செங்’ என்று குத்தியிருப்பார்கள். முழுப் பெயர் வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழையாதாம். என்னைச் சீனாக்காரி என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போன புண்ணியவான்களும் உண்டு.

“கீழே நின்னு சூரியன் மறையறதைப் பாருங்க, உடனே லிஃப்ட்ல ஏறி வாங்க, அதே சூரியன் இன்னொரு தடவை மறையறதைப் பார்க்கலாம்” என்பேன். வாயைப் பிளப்பார்கள். “இங்கே மழை கீழேயிருந்து மேலே பெய்யும். கண்ணாடியில மோதுற காத்து துளியை அப்படியே தூக்கிட்டுப் போயிடும்” என்பேன். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். இரண்டும் சத்தியமான உண்மை. மூன்றாவது தகவல்தான் கேடுகெட்டது.

கிழக்கு ஜன்னலோரம் ஒரு கண்ணாடி மேஜை. அதன்மேல் விளிம்பு வரைக்கும் நிரப்பிய ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. “எண்ணூர்க் கடலுக்கு முக்கால் கிலோமீட்டர் உயரத்துல நிக்கிறோம். வெளியே எவ்வளவு காத்தடிச்சாலும் இந்தக் காபி ஒரு சொட்டும் சிந்தாது. ஏன் தெரியுமா? அதோ!” என்று கையைத் தூக்குவேன். கூடத்தின் நடுவில் நான்கு வடங்களில் ஒரு பொன்னிற உருண்டை தொங்கும். “எண்ணூறு டன்! காத்து கட்டடத்தை ஒரு பக்கம் தள்ளினா இது மறுபக்கம் போய் இழுத்துப் பிடிச்சுக்கும்.” உடனே நம் சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சுற்றியுள்ள தடுப்பில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனவர்கள்கூட இருக்கிறார்கள்.

உருண்டைக்குள் ஒரு மண்ணும் கிடையாது. வெறும் ஃபைபர் கூடு. தட்டினால் காலி டிரம் மாதிரி சத்தம் வரும். அதனால்தான் யாரும் தட்டக் கூடாது என்று கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

இது எனக்குத் தெரிய வந்தது என் வீட்டுக்காரர் தணிகாசலம் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அதுவரைக்கும் காசிமேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்து பொத்தென்று சுவரோரம் உட்கார்ந்தார். சட்டை பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

“யோவ், அப்படி என்னய்யா வேலை குடுத்தாங்க?”

“ஓடுற வேலை.”

“எங்க ஓடணும்?”

“எங்கயும் இல்ல. இந்தச் செவுத்துலருந்து அந்தச் செவுத்துக்கு. அப்பால அந்தச் செவுத்துலருந்து இந்தச் செவுத்துக்கு.”

கிண்டல் என்று நினைத்தேன். அவருக்கு எதிலும் கிண்டல்தான். “நெசமாத்தான் எய்லு” என்றார். என்னை எழில் என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் செங்கமலம் என்று பெயர் வைத்த என் அப்பாவையே கண்டால் அவருக்கு ஆகாது. “கடல்ல போட்டு ஒரு பக்கம் சாயுதுன்னா நாம இன்னா பண்ணுவோம்? எதிர்ப்பக்கம் போய் குந்துவோமா இல்லியா? அதேதான். உன் மாடிக்கு நேர் கீழ ஒரு மாடி கீது. முன்னூறு பேரு. காத்து இப்படித் தள்ளிச்சுன்னா நாங்க அப்படி ஓடணும்.”

“அப்போ அந்த உருண்டை?”

“டூப்பு. நெசமான உருண்டை தொங்க விட்டா ரெண்டு மாடி அதுக்கே பூடுமாம். அந்த ரெண்டு மாடியில ஓட்டல் போட்டுட்டாரு சேர்மன். நாங்க நிக்கிறதுக்கு எட்டடி உசரம் போதும்.”

அத்தனை நாளும் அந்த உருண்டையைக் காட்டி நான் பேசிய பேச்சுக்கெல்லாம் என் காலடியில் முன்னூறு பேர் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெளியே சொன்னால் வேலை போகும், குவார்ட்டர்ஸும் போகும். வாயை மூடிக்கொண்டேன்.

கீழ்மாடியை நடத்துவது துலாம் என்கிற கம்ப்யூட்டர். காற்று வருவதற்குள் மோப்பம் பிடித்துவிடும். இனிமையான பெண் குரல், ரயில்வே அறிவிப்பு மாதிரி. அதன் கணக்கில் உலகத்தில் இரண்டே ஜாதி. சோபா, மேஜை, உருண்டையின் கூடு எல்லாம் நிலையான எடை. மனுஷர்கள் நகரும் எடை. ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எடைதான் பெயர். என் வீட்டுக்காரர் அங்கே ‘எழுபத்திரண்டு’. “எழுபத்திரண்டு, மேற்கே” என்று கொஞ்சலாகச் சொல்லும். ஓடி ஓடி இளைத்தால் கணக்கு கெடும் என்று, குறைந்த எடைக்கு மணல் தைத்த ஜாக்கெட் மாட்டிவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் அவர் ஐம்பத்தெட்டு கிலோ ஆகிவிட்டார். பாக்கி பதினான்கு மணல். “பாதி ஆளு, பாதி பீச்சு” என்று தன்னைச் சொல்லிச் சிரிப்பார்.

தரை வழியாக ஒவ்வொருவர் இதயத் துடிப்பையும் துலாம் கேட்டுக்கொண்டிருக்கும். யார் எப்போது களைப்பார் என்று தெரிய வேண்டுமே! டாக்டரைவிட முன்னால் அதுதான் சொன்னது, எழுபத்திரண்டின் துடிப்பு சரியில்லை என்று. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இதயத்தில் ஒரு கதவு சுருங்கிவிட்டதாம். “நடக்கலாம்மா. ஓடினா நான் பொறுப்பில்ல” என்றார் டாக்டர்.

மறுநாளே மேனேஜர் கிருபாகரன் அறைக்குப் போய் நின்றேன்.

“சார், அவரை லிஃப்ட்ல போடுங்க. ஸ்டூல்ல உக்காந்து பட்டன் அமுக்குற வேலை. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“ஆயுத பூஜை முடியட்டும்மா. லீவு நாள்ல கூட்டம் நெரியும், ஒரு ஆளைக்கூட எடுக்க முடியாது. முடிஞ்ச மறுநாள் அவரு லிஃப்ட்ல. என் மேல நம்பிக்கை இல்லையா?”

நம்பினேன். வேறு என்ன செய்ய? அதுவரை அவரை மெதுவாக ஓடச் சொன்னேன். ஓட்டத்தில் என்ன மெதுவு என்று சிரித்தார்.

ஆயுத பூஜையும் வந்தது, வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வும் கூடவே வந்தது. காலையில் ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், லிஃப்ட் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரிகடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே நடந்தேன். கடைசியாகக் கீழ்மாடிக்குப் போனோம். முன்னூறு பேரும் வரிசையில் நின்றார்கள். கிருபாகரனுக்கு அன்றைக்கு ரொம்பக் குஷி. நெற்றியில் வைத்திருந்தாலாவது பரவாயில்லை, ஒவ்வொருவர் மணல் ஜாக்கெட்டிலும் நெஞ்சில் மூன்று பொட்டு வைத்தார், மோட்டாருக்கு வைத்த மாதிரியே. வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுச் சொன்னார்:

“என்னப்பா பார்க்கிறீங்க? இந்த டவரோட மெயின் மெஷினே நீங்கதானே!”

சூப்பர்வைசர் டில்லிபாபு பல்லை இளித்தார். என் வீட்டுக்காரர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்போ சார், பூஜை போட்ட மெஷினை இன்னிக்கு ஓட்டக் கூடாதே” என்றார்.

மாடியே அதிரச் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருவர் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னூறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். டில்லிபாபுவும் உட்கார்ந்தார். கொடி இல்லை, கோஷம் இல்லை, யாரும் திட்டம் போடவில்லை. பூஜை போட்டால் சுத்தியலுக்குக்கூட லீவு, அது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். கிருபாகரன் சிரித்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் பொரிகடலை மென்றுகொண்டிருந்தார்கள். எனக்கு என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்படி ஒரு பெருமை.

மேலே வந்தால் கூட்டம் அம்மிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை, புது ஜீன்ஸ், கைக்குழந்தை என்று ஆயிரம் பேருக்குக் குறையாது. காற்று வந்தது. முதலில் காபிதான் சொன்னது. டம்ளரிலிருந்து கோடாக வழிந்து மேஜையில் ஓடியது. அடுத்த வீச்சில் டம்ளரே உருண்டது. கட்டடம் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது, நின்றது, திரும்பி வந்தது. யாரோ வாந்தி எடுத்தார்கள். ஆட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் லிஃப்டுகள் தானாக நின்றுவிடும். நின்றுவிட்டன. ஏறி வந்தவர்கள் இறங்க வழியில்லை.

கிருபாகரன் என்னிடம் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“செக்யூரிட்டியை அனுப்பப் போறேன். லத்தியால நாலு போட்டா எழுந்து ஓடுவானுங்க. முதல் அடி உன் புருஷனுக்குத்தான். அவன்தானே ஆரம்பிச்சது!”

அவர் சொன்னது டாக்டர் குரலில் என் காதில் விழுந்தது. ஓடினா நான் பொறுப்பில்ல. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“சார், அவங்களை விடுங்க. இவங்க இருக்காங்களே!” என்று கூட்டத்தைக் காட்டினேன்.

“இவங்களை எப்படிம்மா ஓட வைக்கிறது? கஸ்டமர்!”

“துலாமை என் காதுல போடுங்க. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லட்டும்.”

காதில் கருவியை மாட்டினார். ‘மேற்கே’ என்றது துலாம். மைக்கைப் பிடித்தேன். “ஆச்சரியமான தகவல்! மேற்குப் பக்கம் பாருங்க, ஒரே நேரத்துல ரெண்டு வானவில்! சீக்கிரம், மறைஞ்சிடும்!” மொத்தக் கூட்டமும் மேற்கே பாய்ந்தது. ‘கிழக்கே.’ “கிழக்கே டால்பின் கூட்டம்! குதிக்குது பாருங்க!” கிழக்கே பாய்ந்தது. வானவில்லும் இல்லை, டால்பினும் இல்லை. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த தகவல் வந்துவிடும். மேற்கே திருவண்ணாமலை தெரிகிறது என்றேன், கிழக்கே நீர்மூழ்கிக் கப்பல் என்றேன். வாயில் வந்ததெல்லாம் அள்ளி விட்டேன். கட்டடம் மெல்ல மெல்ல அடங்கியது. காபியை மறுபடி நிரப்பி வைத்தேன். சிந்தவில்லை. இறங்கிப் போகும்போது ஒரு அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “இப்படி ஒரு டூர் நாங்க போனதே இல்லம்மா. பசங்களுக்கு ஒரே ஜாலி.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சுண்டல் தின்றுகொண்டே தான் பேசிய வசனத்தைப் பத்துத் தடவை சொல்லிக் காட்டினார். நான் மேலே செய்ததைச் சொன்னேன். “கில்லாடிடி நீ” என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். விடிந்தால் லிஃப்ட் வேலை.

விடிந்தது. விஜயதசமி. கீழ்மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. கிருபாகரன் என் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸைத் திணித்தார்.

“சேர்மன் அசந்துட்டாரும்மா! நம்ம ஆளுங்களைவிட விசிட்டர்ஸ் எடை கூட. நல்லாச் சாப்பிட்ட குடும்பங்க. மேல டிக்கெட் வாங்கி ஓடுறாங்க! முன்னூறு பேரை எதுக்கு வச்சு அழணும்? எல்லாம் உன் ஐடியா.”

“அவருக்கு லிஃப்ட்னு சொன்னீங்களே சார்.”

“லிஃப்டையும் துலாமே பார்த்துக்கும்மா. ஸ்டூலை எடுத்தாச்சு.”

டில்லிபாபு படியில் என்னை எதிர்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். “நல்லா இரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடித்திருக்கலாம்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம். என் மனுஷன் இனி ஓட வேண்டாம். சோற்றுக்கு என் சம்பளம் போதும். அவர் வீட்டிலேயே இருக்கட்டும், மீன் குழம்பு வைக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். அப்படித்தான் ஒரு மாதம் போனது.

அப்புறம் மழைக்காலம் இறங்கியது. காற்று உண்டு, கூட்டம் இல்லை. இதைச் சேர்மன் யோசித்திருக்கவில்லை. துலாம் யோசித்திருந்தது. குவார்ட்டர்ஸில் இன்னும் தங்கியிருக்கும் பழைய ஆட்களுக்குக் காற்று நாட்களில் இலவச டிக்கெட். சம்பளம் கிடையாது, விருந்தாளிக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? மத்தியானச் சாப்பாடு உண்டு. வராதவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பழைய எடைக்குக் குறையாமல் வர வேண்டும்.

“நீ வராதய்யா. வீடு போனா போவட்டும். பிளாட்பாரத்துல படுத்துக்கலாம்” என்றேன்.

“பிளாட்பாரத்துல மழையில படுத்தா மட்டும் நெஞ்சு நல்லாயிடுமா?” என்றார். மணல் ஜாக்கெட்டை மாட்டி, அதன்மேல் நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். “எப்படி? வெயிட்டு பார்ட்டி மாதிரி கீறேனா?”

அன்றைக்கு மாடியில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி, கொஞ்சம் காலேஜ் பிள்ளைகள், மிச்சமெல்லாம் எங்கள் பழைய ஆட்கள், புதுச் சட்டையில், விருந்தாளி முகத்தோடு. இப்போதெல்லாம் தகவலையும் நான் யோசிக்க வேண்டியதில்லை. துலாம் நான் பொய் சொல்கிற விதத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. எந்தப் பக்கம், என்ன பொய் என்று காதில் ஓதும், நான் மைக்கில் சொன்னால் போதும்.

ஆரம்பத்தில் காற்று இல்லை. தணிகாசலம் கையை உயர்த்தினார்.

“மேடம், இங்கேருந்து காசிமேடு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அங்க என் பொண்டாட்டி மீன் கழுவிக்கினு இருப்பா. நல்லாப் பாருங்க, கோவமா தெரியறாளா?”

கல்யாணக் கோஷ்டி குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் நீர் முட்டியது. அந்தக் குறும்பு முகத்தைக் கையில் ஏந்திக்கொள்ள ஆசையாக இருந்தது, நடுக்கூடத்தில் எப்படி?

காற்று வந்தது. ‘கிழக்கே. திமிங்கலம் என்று சொல்லவும்.’ சொன்னேன். ஓடினார்கள். ‘மேற்கே. மின்னல் மரம் போல் தெரிகிறது என்று சொல்லவும்.’ சொன்னேன். ஓடினார்கள். நீலச் சட்டை வரிசையில் பின்தங்குவதைப் பார்த்தேன். உருண்டைக்கிட்ட நடுவிலேயே நில்லு என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் தலையை ஆட்டி, ஓரத்தில் நின்ற கிருபாகரனைக் காட்டினார். யார் ஓடுகிறார்கள், யார் ஓடவில்லை என்று கிருபாகரன் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கிழக்கே.’ சொன்னேன். ‘மேற்கே.’ அதையும் நான்தான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

மேற்கு ஜன்னலோரம் அவர் விழுந்தார்.

நம் சனங்களுக்கு யாராவது விழுந்தால் போதுமே. கல்யாணக் கோஷ்டி, பிள்ளைகள், பழைய ஆட்கள் எல்லாரும் அவரைச் சுற்றி மொய்த்தார்கள். “காத்து வரட்டும், விலகுங்க” என்று கத்துகிறார்களே தவிர ஒருத்தரும் விலகவில்லை. மொத்த எடையும் மேற்கே. கட்டடம் மேற்கே சாய்ந்தது. மணி அடித்து லிஃப்டுகள் நின்றன. ஸ்ட்ரெச்சர் ஏற்றிய லிஃப்ட் பாதி வழியில் மாட்டிக்கொண்டது.

நான் அவர் கிட்டப் போய்விட்டேன், இரண்டு எட்டுதான் பாக்கி. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நீலச் சட்டை தெரிந்தது. ஜாக்கெட் கிழிந்து மணல் கொட்டிக் கிடந்தது.

“செங்கமலம்!” என்று காதுக் கருவியில் கிருபாகரன் அலறினார். “கூட்டத்தை இழு! கட்டடம் நிமிர்ந்தாத்தான் லிஃப்ட் வரும்! லிஃப்ட் வந்தாத்தான் அவரு பிழைப்பாரு!”

அது உண்மைதான். அந்த ஆள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை.

துலாம் அமைதியாகச் சொன்னது: ‘மேற்கே எழுபத்திரண்டு கிலோ அசையவில்லை. கூட்டத்தைக் கிழக்கே அழைக்கவும். சினிமா நடிகர் வந்திருக்கிறார் என்று சொல்லவும்.’

கிழக்கு மேஜைக்கு ஓடினேன். என் மனுஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன். மைக்கில் கத்தினேன். “எல்லாரும் இங்க வாங்க! சினிமா ஹீரோ வந்திருக்காரு! கிழக்கு வாசல்ல! ஓடி வாங்க, ஓடி வாங்க!”

வந்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். பழைய ஆட்களும் வந்தார்கள். டில்லிபாபு மட்டும் ஒரு நொடி அவர் பக்கத்தில் தயங்கி நின்றார். “நீங்களும் வாங்கண்ணே, உங்க எடையும் வேணும், லிஃப்ட் வரணும்ணே!” என்று கதறினேன். அவரும் ஓடி வந்தார். கட்டடம் நிமிர்ந்தது. எங்கோ கீழே லிஃப்ட் மறுபடி உறுமுகிற சத்தம் கேட்டது.

காலியான மேற்கில் நீலச் சட்டை தனியாகக் கிடந்தது.

‘நன்றி’ என்றது துலாம், அதே இனிமையோடு. ‘மேற்கே எழுபத்திரண்டு கிலோ, நிலையான எடையில் சேர்க்கப்பட்டது.’

“எங்கம்மா ஹீரோ? எங்க?” என்று எல்லாரும் என்னைச் சுற்றி நெருக்கினார்கள். என் கை பழக்கத்தில் தானாக நீண்டு மேஜையைக் காட்டியது. யாரோ மறுபடி நிரப்பி வைத்திருந்த டம்ளரில் காபி விளிம்பு வரைக்கும் அப்படியே நின்றது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. மாப்பிள்ளைப் பையன்தான் முதலில் கைதட்டினான். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள்.